மூக்கில் கொஞ்சம் களிமண்

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதி எனக்கு உண்மையிலேயே புரிந்தது பள்ளியில் தண்ணீர் ராக்கெட் செய்தபோதுதான். பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் அடித்த காற்று, அவ்வளவுதான். தண்ணீர் கீழே பீய்ச்ச, பாட்டில் மேலே சீறும்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது நிலைத்தன்மைதான். நிறை மையம், அதாவது ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளி, மூக்குப் பக்கமும், அழுத்த மையம், அதாவது காற்றின் தள்ளல் மொத்தமாகச் செயல்படும் புள்ளி, வால் பக்கமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ராக்கெட் குட்டிக்கரணம் அடிக்கும். அதனால் மூக்கில் களிமண், வாலில் அட்டைத் துடுப்புகள். அப்புறம் நிறை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுவோம். மூக்கு முன்னோக்கியே சுற்றினால் சரி, பறக்கவிடலாம்.

1926-இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கோடார்டு ஏவிய முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் மேலே இருந்தது. எஞ்சின் மேலிருந்து இழுப்பதால் மட்டும் நிலைத்தன்மை வராது; நிறை மையமும் அழுத்த மையமும் எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். பிந்தைய ராக்கெட்டுகளில் அவர் எஞ்சினைக் கீழே வைத்தார். களிமண்ணை உருட்டிய கைக்கு அந்த மாற்றம் உடனே விளங்கியது.