கோமதி கிடைக்கவில்லை

பிப்ரவரி 16

கோமதி கிடைக்கவில்லை. எங்கள் சாஃப்ட்வேரின் பெயர்ப் பட்டியலில் கண் முன்னால் இருக்கிறார், தேடல் பெட்டியில் அதே பெயரை அடித்தால் "முடிவு எதுவும் இல்லை" என்று வருகிறது. பட்டியலிலிருந்தே பெயரைக் காப்பி எடுத்து ஒட்டினால் மட்டும் உடனே வந்து நிற்கிறார். இந்தப் புகாருக்கான டிக்கெட்டில் யாரோ "கேஷ் பிரச்சினையாக இருக்கலாம்" என்று எழுதி மூடப் பார்த்திருக்கிறார்கள். எது புரியாவிட்டாலும் கேஷ், அதாவது தற்காலிகமாகச் சேமித்து வைத்த பழைய நகல். சரி, அதையும் காலி செய்து பார்த்தேன், சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. 28ஆம் தேதி இரவு டேட்டாபேஸ் மாற்றம். அதற்குள் இது என் தலையில்.

பிப்ரவரி 17

நான் காத்திருக்கும் மெயில் வரவில்லை.

பிப்ரவரி 18

காலையில் ஒரே ஒரு வரி மாற்ற உட்கார்ந்தேன், பில்ட் (கோடை ஓடும் சாஃப்ட்வேராகக் கட்டும் வேலை) ஓடவில்லை. நேற்று ஓடியது. எந்த பேக்கேஜுக்கு எந்த வெர்ஷன் என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைலை மதிக்காமல் யாரோ இன்ஸ்டால் செய்து, மாற்றத்தைப் பதிந்து கமிட் போட்டிருக்கிறார்கள், எங்கோ அடி அடுக்கில் கிடக்கும், வேறு யாரோ எழுதிய ஒரு பேக்கேஜ் தன் புது வெர்ஷனோடு உள்ளே வந்துவிட்டது. அதன் பெயரையே இன்றுதான் பார்க்கிறேன். நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை, நாங்கள் கேட்ட பேக்கேஜ் கேட்ட இன்னொரு பேக்கேஜ் அதைக் கேட்டிருக்கிறது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர் அதைப் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார், அதைப் பயன்படுத்திய பேபல் என்ற கருவியை நம்பியிருந்த பில்ட்கள் உலகம் முழுக்க விழுந்தன. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை இடைவெளியால் நிரப்புவதுதான் அதன் மொத்த வேலை. அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு இந்தப் பேக்கேஜ்களெல்லாம் வந்து குவியும் என் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வராது.

மதியத்துக்கு மேல்தான் கோமதி பக்கம் போக முடிந்தது. நான் அடித்த கோமதியையும் டேட்டாபேஸில் இருந்த கோமதியையும் பைட் பைட்டாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டியில் போட்டுப் பார்த்தேன். ஒருவர் 15 பைட், இன்னொருவர் 18. திரையில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக ஒரு குறி கூடுதலாக இருக்கிறது. "கோ"தான் குற்றவாளி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் ஓகாரக் குறி முழுதாக ஒரே குறியாகவும் இருக்கலாம், ககரத்துக்கு முன்னால் தெரியும் இரட்டைக்கொம்பும் பின்னால் தெரியும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் இருக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. டேட்டாபேஸுக்கு அது தெரியாது, பைட்டைப் பார்க்கும், வேறு வேறு என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

ராத்திரி வரை ஓகாரம் உள்ள பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யசோதா இல்லை. மனோகரன் இல்லை. ஒகரமும் இப்படித்தான், ஔகாரமும் இப்படித்தான். குமார்கள் எல்லோரும் சுகம்.

பிப்ரவரி 19

மணிக்கட்டு. இடது கையில் மவுஸ், எங்கே க்ளிக் செய்தாலும் பக்கத்து பட்டன். இன்று இவ்வளவுதான்.

பிப்ரவரி 20

இது எப்போது ஆரம்பித்தது என்று தோண்டினேன். கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில், எந்த வரியை எந்தக் கமிட் மாற்றியது என்று காட்டும் பிளேம் போட்டால் எல்லா வரியும் ஒரே கமிட்டைக் காட்டுகிறது, மொத்தக் கோடையும் வரிகளை ஒரே சீராக அடுக்கும் ஃபார்மேட்டரில் போட்டு எடுத்த நாள். அந்தக் கமிட்டை மட்டும் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல 2019லேயே, கிட் 2.23இல், வழி வந்துவிட்டது. ஒரு ஃபைலில் கமிட் எண்ணை எழுதி வைத்தால் போதும். இங்கே யாரும் வைக்கவில்லை. கடைசியில் கிட் லாகில் -எஸ் கொடுத்து, எழுத்தின் இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் "நார்மலைஸ்" என்ற சொல் எந்தக் கமிட்டில் வந்தது, எதில் போனது என்று தேடினேன். வந்தது 2018. பெயரைச் சேமிக்கும் இடத்தில் ஒரே வரி, அதற்கு மேலே ஒரு கமென்ட்: "தொடாதீர்கள். காரணம் இருக்கிறது."

போனது 2023. கமிட்டின் தலைப்பு "தேவையில்லாத கோட் நீக்கம்". ரிவ்யூவில் எல்லோரும் பச்சை டிக்.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நீக்கியவர் மேல் இல்லை, அந்த வரி இல்லாமலும் எல்லா டெஸ்டும் பாஸாகியிருக்கிறது, அவர் வேறென்ன பார்ப்பார். எழுதியவர் மேல்தான். காரணம் இருக்கிறது என்றால் அந்தக் காரணத்தை எழுத வேண்டியதுதானே ஐயா, இன்னும் ஒரு வரி ஆகியிருக்குமா? "தொடாதீர்கள்" என்று எழுதத் தெம்பு இருந்தவருக்கு "கோ இரண்டு விதமாக வரும்" என்று எழுத என்ன வந்தது. அவர் போய் ரொம்ப நாளாகிறது. அவருடைய கமென்ட்களையெல்லாம் தேடிப் படித்தேன், அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 21

மெயில் இல்லை. ஸ்பேமிலும் இல்லை.

பிப்ரவரி 23

உடைந்த ஓகாரம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது. ஸ்கேன் செய்த படிவங்களின் ஃபைல் பெயரிலிருந்து ஆள் பெயரை எடுக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அது பழைய மேக் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அதற்குப் பதிலாக 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்கிறது. அந்த மெஷினை யாரும் மாற்றவில்லை.

வரியைத் திரும்பப் போட்டேன், மேலே காரணத்தோடு. ஒரு வரிக் கோடுக்கு எட்டு வரிக் கமென்ட். ரிவ்யூவில் வந்த ஒரே கருத்து: "கமென்ட் நீளமாக இருக்கிறதே?"

டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐயில் சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்ட் சிவப்பு. கேட்டால் "ரீரன் போடு, பாஸாகிவிடும்" என்கிறார்கள். போட்டேன், பாஸாகிவிட்டது. எனக்கு இதுதான் சிவப்பைவிட எரிச்சல்.

பிப்ரவரி 24

இனி வருகிற பெயர்கள் சரியாக வரும். ஏற்கெனவே உள்ளே இருப்பவை? எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில் 13ஆம் வெர்ஷனிலிருந்து நார்மலைஸ் ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது, ஒரு அப்டேட் குவெரியில் முடியும் வேலை என்று நினைத்து டெஸ்ட் காப்பியில் ஓட்டினேன். டூப்ளிகேட் கீ எரர். பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்த யுனீக் இண்டெக்ஸ் இருக்கிறது, இரண்டு கோமதிகளும் ஒன்றாகும்போது அது தடுக்கிறது. அது செய்வது சரிதான்.

எப்படி நடந்திருக்கும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. கவுன்டரில் இருப்பவர் கோமதியைத் தேடியிருப்பார், வந்திருக்க மாட்டார், புதிதாகப் பதிவு செய்திருப்பார். யுனீக் இண்டெக்ஸும் பைட்டைப் பார்த்து இவர் வேறு ஆள் என்று உள்ளே விட்டிருக்கும். இப்படியே 2023இலிருந்து. ஒருவருக்கு இரண்டு பதிவு, பாதி விவரம் இதில், பாதி அதில். முகவரி வேறு, போன் நம்பர் வேறு. எது புதியது? கடைசியாகத் திருத்திய நேரம் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, போன வருஷம் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் எல்லா வரிசையையும் ஒட்டுமொத்தமாக அப்டேட் செய்ததில் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நிமிஷம் பதிந்திருக்கிறது. அந்த நெடுவரிசைக்கு இனி அர்த்தம் இல்லை.

இதுகூடப் பரவாயில்லை. நிஜமாகவே இரண்டு கோமதிகள் இருந்தால்? ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, வேறு வேறு ஆட்கள். இருக்கக் கூடாதென்று சட்டமா? சரியாக வேலை செய்திருந்தால் இரண்டாவது கோமதியை நம் சாஃப்ட்வேர் பதிவே செய்ய விட்டிருக்காது, இந்த பக் இருந்ததால்தான் அவர் உள்ளே வந்திருக்கிறார். இப்போது நான் சரி செய்கிறேன் என்று போய் ஒருவரை இன்னொருவருக்குள் போட்டு மூடிவிட்டால் அவர் வந்து நின்று கேட்கும்போது என்ன காட்டுவது. டீம் லீடிடம் சொன்னேன். "எத்தனை பேர் இருப்பார்கள் அப்படி?" என்றார். ஒருவர் இருந்தால் போதாதா என்று கேட்க வாய் வரை வந்தது. "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்றேன்.

தானாக ஒட்டப்போவதில்லை. சந்தேகமான ஜோடிகளைத் தனி டேபிளில் போடுகிறேன், ஆள் பார்த்து முடிவு செய்யட்டும். எந்த ஆள் என்பது அடுத்த மீட்டிங்.

பிப்ரவரி 25

மெயில் வந்தது. மறுபடி காத்திருக்கச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 26

முடிந்தது என்று நினைத்து டிக்கெட்டை மூடப் போனபோது ஸ்ரீதர் கிடைக்கவில்லை என்று ஒரு புது டிக்கெட்.

ஸ்ரீயில் ஓகாரம் கிடையாது. பைட் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றே. அரை மணி நேரம் விழித்துவிட்டு ஒவ்வொரு குறியாகப் பார்த்தால், ஒன்று வழக்கமான ஸ, இன்னொன்று ஶ. 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த எழுத்து. இரண்டில் எதை வைத்து ஸ்ரீ போட்டாலும் பல ஃபான்ட்களில் வரைவது ஒரே வடிவம், எந்தக் கீபோர்ட் எதைத் தருகிறது என்பது அடிப்பவருக்கே தெரியாது. நார்மலைஸ் இதைத் தொடாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை இவை நிஜமாகவே இரண்டு எழுத்துகள். இதே கதைதான் கௌரிக்கும்: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பு போட்டுப் பின்னால் ளகரத்தை அடித்துவிடுகிறார்கள், பார்க்க அப்படியே இருக்கிறது. ஆனால் ளகரத்தை எல்லா இடத்திலும் மாற்ற முடியாது, "வெள்ளி"யில் உள்ள ஒற்றைக்கொம்பும் ளகரமும் நியாயமானவை. அடுத்து புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு விதி எழுதினேன், உடனே "தெளிவு" வந்து மாட்டியது. சொந்தமாக அகராதியே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தேடலுக்கு மட்டும் தனியாக ஒரு நெடுவரிசை வைப்பது என்று முடிவு. பெயர் அவர்கள் எழுதியபடி இருக்கட்டும், தேடும்போது மட்டும் ஶவும் ஸவும் ஒன்று, கௌவும் கெளவும் ஒன்று. தேடினால் தேவையில்லாமல் சிலர் கூட வந்து நிற்பார்கள். இருப்பவரை இல்லை என்று சொல்வதைவிட அது மேல்.

மணிக்கட்டில் பட்டை போட்டுக்கொண்டு அடிக்கிறேன். ஷிஃப்ட் கீதான் பெரிய கஷ்டம்.

பிப்ரவரி 27

கோமதி கிடைத்துவிட்டார். ஒரே ஒரு கோமதி.

மற்ற ஜோடிகள் அப்படியே இருக்கின்றன. யார் பார்ப்பது என்ற மீட்டிங் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது, மாற்றம் நாளை இரவு. சந்தேக டேபிளையும் சேர்த்தே புது டேட்டாபேஸுக்கு எடுத்துப் போகலாம் என்று முடிவாம். சரி.

பிப்ரவரி 28

ஃப்ரீஸ் (யாரும் எதையும் மாற்றாமல் நிறுத்துவது) 6 மணிக்கு என்றார்கள், அப்புறம் 8 என்றார்கள். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது. தவறினால் பழைய நிலைக்குத் திருப்பும் ரோல்பேக் ஸ்கிரிப்டை யாராவது ஓட்டிப் பார்த்தீர்களா என்று குரூப்பில் கேட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது, என் கேள்வியை. ஸ்கிரிப்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானே டெஸ்ட் காப்பியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.