தியாகனூர் புத்தரும் பெரியேரி முனியப்பனும்

புத்தரைத் தரிசிக்க வேண்டுமானால் புத்தகயாவுக்கு ரயில் ஏற வேண்டும் என்றுதான் சேலத்தில் பலரும் சொல்வார்கள். கட்டாயம் போக வேண்டிய தலம்தான். ஆனால் சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி பஸ் ஏறி, வாழப்பாடி, ஆத்தூர் தாண்டித் தலைவாசலில் இறங்கினால், அங்கிருந்து சற்றுத் தொலைவில் தியாகனூர் என்ற ஊரில் இரண்டு புத்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக் கூண்டுக்குள் அல்ல. பூவும் விளக்குமாக, ஊரார் கும்பிடும் சாமிகளாக.

என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது வாசிப்பு. மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலைக் கையில் எடுத்த பிறகு, நம் ஊர்க் கோயில்களை முன்புபோல் கடந்துபோக முடியவில்லை. பௌத்தம் மறைந்த பின் அதன் கோயில்கள் தருமராசர் கோயிலாகவும் முனீசுவரர் கோயிலாகவும் பெயர் மாறி நின்ற கதையை அவர் அதில் சொல்கிறார். அதன் பிறகு பௌத்தக் காப்பியமான மணிமேகலையை முதலிலிருந்து நிதானமாகப் படித்தேன். மணிபல்லவத் தீவில் கோமுகிப் பொய்கையிலிருந்து, அள்ள அள்ளச் சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரம் மேலெழுந்து வருவது வைகாசி விசாகத்தன்று; புத்தர் பிறந்த நாளும் அதுவே. ஆகவே வைகாசிப் பௌர்ணமியில்தான் தியாகனூர் போக வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன். உடன் வந்தவர் என் அத்தை. அவருக்குப் பௌர்ணமி என்றால் கோயில். எந்தக் கோயில் என்பது இரண்டாம் பட்சம்.

ஆத்தூரை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் மரவள்ளிக் காடு. ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேரென்று மாவு காய்ந்துகொண்டிருந்தது. தலைவாசலில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

பெரிய புத்தருக்கு இப்போது மண்டபம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அத்தை, “எவ்வளவு பெரிய சாமி!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிமிர்ந்த முதுகு, மடித்த கால்கள், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். நான் அந்தக் கைகளைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருக்கும் உள்ளங்கையின் குழிவில் யாரோ ஒரு செவ்வரளிப் பூவை வைத்திருந்தார்கள். விரல் இடுக்குகளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எத்தனை பேர் தொட்டுத் தொட்டு வணங்கினார்களோ, முழங்கால் பகுதிக் கல் எண்ணெய் ஏறி மினுங்கியது. சுருள் முடியும் தொங்கும் காதுகளும் புத்தகப் படங்களில் பார்த்தவைதான். ஆனால் ஒரு கல், மனிதர்களின் கை பட்டுப் பட்டு இப்படி ஆவதை எந்தப் படமும் காட்டுவதில்லை.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், எப்போதிலிருந்து கும்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “எங்கள் மாமியார் கும்பிட்டார், நான் கும்பிடுகிறேன். வேறென்ன கண்ணு?” என்றார். பிறகு ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை வைத்து என் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல அவர் இடம் தரவில்லை. வாங்கிச் சாப்பிடும்போது ஆதிரைதான் நினைவுக்கு வந்தாள். அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அவள். ‘பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக’ என்று வாழ்த்தி இட்டாள் என்கிறார் மணிமேகலையை இயற்றிய சாத்தனார். ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்ற வரியும் அதே காப்பியத்தில் வருகிறது. தமிழ்ப் பௌத்தம் என்று அறிஞர்கள் எழுதுவதன் உயிர்நாடி எனக்கு இதுதான்: தத்துவத்துக்கு முன்னால் சோறு. அந்தப் பாட்டி மணிமேகலையைப் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

தியாகனூரைப் பற்றி எழுதும்போது சேலம் நகரத்துப் பெரியேரியைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அங்கே தலைவெட்டி முனியப்பன் என்று தலைமுறைகளாக வழிபடப்பட்ட சிலையைத் தொல்லியல் வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடம், மடித்த கால்கள், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது ஆகியவற்றைக் கொண்டு அது புத்தரே என்று அறிக்கை தந்தார்கள். துண்டான தலை பின்னாளில் சிமெண்ட் கலவையால் ஒட்டப்பட்டிருப்பதையும் குறிப்பிட்டார்கள். அதன் அடிப்படையில் 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த இடத்தைத் தொல்லியல் துறை பொறுப்பேற்க வேண்டும், சிலை புத்தருடையது என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், ஆனால் பூசைகள் நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு மகிழ்ச்சி. வேங்கடசாமி எழுதியது என் ஊரிலேயே கண்முன் நிரூபணமானதே! புத்தரைப் புத்தர் என்று அழைப்பது அவருக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அத்தை கேட்டார்: “இத்தனை காலம் விளக்கேற்றியவர்கள் இனி எங்கே போய் ஏற்றுவார்கள்?” அவர் அங்கே பொங்கல் வைத்தவர். வெட்டுண்ட தலையோடு இருந்த ஒரு சிலையை, அது யார் என்று தெரியாமலேயே, குப்பைமேட்டுக்குப் போகவிடாமல் காத்தது அவரைப் போன்றவர்களின் பக்திதான். பலகையில் அவர்களுக்கும் ஒரு வரி நன்றி எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. தியாகனூரில் அந்தச் சிக்கல் இல்லை. பெயர் தெரிந்தும் பூசை தொடர்கிறது. அதனாலேயே அந்த ஊரின்மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். இரண்டாவது புத்தரையும் விட்டுவிடாதீர்கள். யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். பக்கத்திலேயே வசிஷ்ட நதிக்கரையில் ஆறகளூர் இருக்கிறது. வாணகோவரையர்கள் என்ற குறுநில மன்னர்கள் ஆண்ட ஊர் அது. அங்குள்ள காமநாதீஸ்வரர் கோயிலில் எட்டுப் பைரவர்களையும் ஒரே இடத்தில் தரிசிக்கலாம். உச்சி வேளைக்குள் சேர்ந்துவிட்டால் நடை திறந்திருக்கும். புத்தருக்கு மல்லிகையோ அரளியோ வாங்கிக்கொள்ளுங்கள். சிலையைக் கழுவவோ சுரண்டவோ வேண்டாம். அந்த வேலையை ஊரார் பார்த்துக்கொள்கிறார்கள். கையில் ஒரு கிலோ அரிசியும் வெல்லமும் இருந்தால் பௌர்ணமிப் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.