துரையின் கைத்தடியைத் திறந்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது இந்தத் தடி என் கைக்கு வந்தது. அந்த வீட்டுத் தாத்தா துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். கைப்பிடிக்குக் கீழே வெள்ளிப் பூண், அதை ஒட்டி மயிரிழை போல ஒரு கோடு. உள்ளே கத்தி இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. என்னிடம் ஏற்கெனவே இப்படி இரண்டு தடிகள் உண்டு.

இழுத்தேன், வரவில்லை. சில தடிகளில் பொத்தானை அழுத்த வேண்டும், சிலவற்றைக் கால் சுற்று திருப்ப வேண்டும், மற்றவை வெறும் இறுக்கத்தில் நிற்கும். இதில் பொத்தான் இல்லை. சரி, திருப்பிப் பார்ப்போம் என்று கையை வைத்தபோது பக்கத்து வீட்டு மாமா தடுத்தார். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். "முறுக்காத தம்பி, துருப்பிடிச்ச கத்தி, உள்ளேயே ஒடிஞ்சிடும்."

அவர் சொன்னது சரிதான். மூங்கில் போலப் பிரம்பு பொள்ளலாக இருக்காது. நீளத்துக்குத் துளைபோட்டுத்தான் கத்தியைச் செருகுவார்கள். நம் ஊர் ஈரத்தில் பிரம்பு ஊதினால், வெளியே பூண் இறுக்குவதால் உள்பக்கமாகக் கத்தியைத்தான் நெருக்கும். அதனால் முதலில் ஈரத்தை எடுக்க வேண்டும்.

பிஸ்கட் டின்களில் போடும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, தடியை நீளப் பெட்டியில் அவற்றோடு மூடி வைத்தேன். மூன்று வாரம். அப்புறம் அந்தக் கோட்டில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஒரு ராத்திரி. காலையில் மாமா தடியைப் பிடித்துக்கொள்ள, நேராக இழுத்தேன். 'கிரீச்'சென்று வந்தது.

மூன்று பட்டைக் கத்தி. உப்புத்தாள் போட வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்தேன். அடியில் கொடி வேலைப்பாடு மெல்லத் தெரிந்தது. தேய்த்திருந்தால் அது போயிருக்கும். பூணில் நங்கூர முத்திரை, அதாவது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சோதித்த வெள்ளி. பக்கத்தில் இருந்த, ஆண்டைக் குறிக்கும் எழுத்தை முத்திரைப் பட்டியலோடு ஒப்பிட்டேன்: 1890கள்.

வெளியே எடுத்துப் போவதில்லை. பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், பழையது என்பதால் விட்டுவிட மாட்டார்கள். அலமாரியில் பூட்டி, மாதம் ஒருமுறை துடைக்கிறேன்.

மாமா தடியின் ஒரு பக்கம் ஓடும் மேட்டைத் தடவிப் பார்த்தார். கணுவே இல்லாத நீளப் பிரம்பு. இதை வெள்ளைக்காரர்கள் மலாக்கா பிரம்பு என்பார்கள்.

"நம்ம காட்டுப் பிரம்பா? கப்பலேறிப் போய்த் துரை கையில திரும்பி வந்திருக்கு," என்றார்.