வாய்ப்பு வளர்ந்ததா, ஆட்டம் வளர்ந்ததா: ஒரு கூடைப்பந்து ரசிகனின் நாட்குறிப்பு

ஜூன் 23, 2025

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸை 103-91 என்று வென்று ஓக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பையைக் கைப்பற்றிவிட்டது. அதிகப் புள்ளிகளுக்கான பட்டம், எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது), இறுதித் தொடரின் எம்விபி ஆகிய மூன்றையும் ஒரே சீசனில் பெற்றிருக்கும் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டரைப் பற்றித்தான் இனிச் சில வாரங்களுக்கு எல்லோரும் எழுதுவார்கள். எழுதட்டும், அதற்கு முழுத் தகுதி உடையவர்தான். எனக்கென்னவோ லூ டோர்ட்டைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2019 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட டோர்ட், என்பிஏவுக்கும் அதன் கீழ்நிலை லீகான ஜி லீக்குக்கும் இடையே போய்வர வேண்டிய டூ-வே ஒப்பந்தத்தில்தான் தண்டருக்குள் நுழைந்தார். தடுப்பாட்டத்தில் அன்றே கெட்டிக்காரர். ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அவர் பந்துடன் நின்றால் எதிரணியில் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள்; 2020 பிளே-ஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் கோப்பைக்கான சுற்றுகளில்) ஹூஸ்டன் அவரை வேண்டுமென்றே தனியே விட்டுவிட்டு மற்றவர்களை நெருக்கியது. (அதே தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர் 30 புள்ளிகள் எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) முதல் சீசனில் 30 சதவீதத்தைக்கூட எட்டாத அவருடைய மூன்று புள்ளி எறிதல் இந்தச் சீசனில் 41 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளிலும் அணியில் அவருக்கென்று இருந்த வேலை பெரிதாக மாறவே இல்லை: எதிரணியில் பந்தை நடத்தும் தலைசிறந்த கார்டை மறிக்க வேண்டும், மூலையில் பந்து வந்தால் எறிய வேண்டும். அதே வேலையை முன்பைவிட நன்றாகச் செய்கிறார் என்பதால், இதை வளர்ச்சி என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஜூன் 26, 2025

எதிர்பார்த்தபடியே கூப்பர் ஃபிளாக் டிராஃப்டின் முதல் தேர்வாக டாலஸ் மாவெரிக்ஸுக்குப் போயிருக்கிறார். பதினெட்டு வயதுப் பையனைப் பார்த்து, பத்தாண்டு கழித்து அவன் எப்படி ஆடுவான் என்று அடித்துச் சொல்பவர்களின் துணிச்சலை வியக்கிறேன். 2013-இல் முதல் தேர்வான ஆந்தனி பென்னட் நான்கு சீசன்களில் லீகை விட்டே வெளியேறினார். பதினைந்தாவதாகத் தேர்வான யானிஸ் அன்டெட்டோகும்போ இரண்டு முறை எம்விபி ஆனார். அடுத்த ஆண்டு 41-ஆவது தேர்வாக வந்து மூன்று முறை எம்விபி ஆன நிக்கோலா யோக்கிச்சைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 9, 2025

பிரூக் லோப்பஸ் மில்வாக்கியை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸில் சேர்கிறார். கவாய் லெனர்ட் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். எறியத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டு, பிறகு எறிந்தே பெயர் வாங்கிய இருவர் ஒரே அணியில் சேர்வதை நான் மிகவும் ரசிக்கிறேன்.

லோப்பஸ் தம் முதல் எட்டு சீசன்களில் மொத்தமாக 31 மூன்று புள்ளி எறிதல்களை முயன்று 3 மட்டுமே போட்டார். ஒன்பதாவது சீசனில் மட்டும் 134 போட்டார்! அந்த 2016 கோடையில், அவர் அப்போது ஆடிய புரூக்ளின் அணிக்குப் புதுப் பயிற்சியாளராக வந்த கென்னி அட்கின்சன், வழக்கமாகக் கூடையருகே ஆடும் சென்டரும் வெளியே நின்று எறியலாம் என்று அனுமதித்தார். அனுமதி மட்டும் போதுமா என்றால், போதாது. லோப்பஸின் கை அதற்கு முன்பே பக்குவமாக இருந்தது. ஏழு அடி உயரக்காரர்கள் பலர் தடுமாறும் ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறிதலில்) அவர் எப்போதுமே 80 சதவீதத்தை ஒட்டியே போட்டுவந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஃப்ரீ த்ரோ நன்றாக விழும் கைக்கு மூன்று புள்ளியும் வரும் என்பது என் நம்பிக்கை.

லெனர்ட் கதையும் இதை ஒட்டியதுதான். கல்லூரியில் அவருடைய மூன்று புள்ளி எறிதலில் நான்கில் ஒன்றுதான் விழுந்தது, ஆனால் ஃப்ரீ த்ரோவில் ஏறத்தாழ நான்கில் மூன்று விழுந்தது. சான் அன்டோனியோவில் எறிதல் பயிற்சியாளராக இருந்த சிப் எங்கெலண்ட், எறிதலை முழுவதும் கலைத்துப்போடாமல், பந்தைக் கையிலிருந்து விடும் இடத்தை மட்டும் திருத்தினார். முதல் சீசனிலேயே லெனர்டின் மூன்று புள்ளி எறிதல் 37 சதவீதத்தைக் கடந்தது. அந்த எங்கெலண்ட் 2022-இல் தண்டருக்குப் போனார். டோர்ட்டின் கணக்கை அதோடு முடிச்சுப்போடும் ஆசை எனக்கு இருக்கிறது என்றாலும், முழுப் புகழையும் பயிற்சியாளருக்கே கொடுத்துவிடுவது அந்த ஆட்டக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

ஜூலை 20, 2025

புது ஆட்டக்காரர்களை ஆடவைத்துப் பார்க்கும் லாஸ் வேகஸ் சம்மர் லீக் முடியும் நேரம். அங்கே எடுக்கப்படும் புள்ளிகளை வைத்து யாரையும் புகழவும் இகழவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 10, 2025

மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர் என்ற விருதின் அண்மைப் பட்டியலை எடுத்துவைத்து யோசித்தேன். 2023-இல் லவுரி மார்க்கனென் பெற்றார். கிளீவ்லாந்தில் 15 புள்ளிகளை ஒட்டி இருந்த அவருடைய சராசரி யூட்டாவில் 25.6 ஆகிவிட்டது. ஆனால் யூட்டாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, 2022 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஃபின்லாந்துக்காக ஆடி, குரோஷியாவுக்கு எதிராக 43 புள்ளிகள் எடுத்திருந்தார். ஆக, திறமை கையிலேயே இருந்தது. கிளீவ்லாந்தில் இரண்டு நெட்டையர்களுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றவருக்குப் பந்துதான் வந்துசேரவில்லை. அவருக்குத் தந்ததை முன்னேற்ற விருது என்பதைவிட, தாமதமாக வந்த அங்கீகாரம் என்பதே பொருந்தும்.

2024-இல் டைரீஸ் மேக்ஸி பெற்றதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஜேம்ஸ் ஹார்டன் ஃபிலடெல்பியாவை விட்டுப் போனதால் பந்து அவர் கைக்கு வந்தது, புள்ளிகள் கூடின, இதுவரை வாய்ப்புதான். ஆனால் பந்தை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தும், ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முறைகூட அவர் அதைப் பறிகொடுக்கவில்லை. இந்தச் சிக்கனத்தை யாரும் அவருக்குக் கொடுத்துவிட முடியாது.

இந்த ஆண்டு பெற்ற டைசன் டேனியல்ஸ், நியூ ஆர்லியன்ஸில் 22 நிமிடங்களே ஆடியவர்; அட்லாண்டாவில் ஏறத்தாழ 34 நிமிடங்கள் ஆடினார். நிமிடக் கணக்கை ஈடுகட்டிப் பார்த்தாலும் அவருடைய ஸ்டீல்கள் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தவை) கணிசமாகக் கூடியிருக்கின்றன. மொத்தம் 229 என்பது 1995-96-இல் கேரி பேட்டன் எடுத்த 231-க்குப் பிறகு யாரும் தொடாத உயரம். அவரைத் தாண்டி ஒரு பாஸ் போக வேண்டுமென்றால் கொடுப்பவர் ஒரு கணம் கூடுதலாக யோசிக்கிறார். மூன்று புள்ளி எறிதல் 34 சதவீதம் என்பதில்தான் எனக்கு ஐயம், ஏனென்றால் ஃப்ரீ த்ரோ இன்னும் 60-ஐ ஒட்டியே நிற்கிறது.

செப்டம்பர் 2, 2025

புதிய ஆட்டங்கள் இல்லாத மாதம் என்பதால் 2021-இன் ஃபிலடெல்பியா, அட்லாண்டா ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியை மறுபடி பார்த்தேன். ஃபிலடெல்பியாவின் பென் சிம்மன்ஸ் கூடைக்குக் கீழே திரும்புகிறார். எதிரில் நிற்பவர் அவரைவிட மிகக் குள்ளமான டிரே யங். எழும்பி டன்க் செய்தால், அதாவது பந்தைக் கூடைக்குள் கையாலேயே அழுத்தினால், முடிந்தது. சிம்மன்ஸோ பந்தைச் சக ஆட்டக்காரர் மட்டீஸ் தைபுலிடம் தள்ளிவிடுகிறார். அந்த பிளே-ஆஃபில் 73 ஃப்ரீ த்ரோக்களில் 25 மட்டுமே போட்டிருந்த ஒருவர், டன்க் செய்யப்போய் ஃபவுல் வாங்கினால் மறுபடி அந்தக் கோட்டில் போய் நிற்க வேண்டுமே என்று அஞ்சியது போலத்தான் எனக்குத் தெரிகிறது. சோம்பேறி என்று அவரைத் திட்டியவர்களோடு நான் உடன்படுவதில்லை. லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களாக அறிவிக்கப்படும் முதல் அணியில் இரண்டு முறை இடம்பெற்றவரைச் சோம்பேறி என்பது பொருந்தாது. ஒரு குறை திருத்தப்படாமல் கிடந்தால் நன்றாக இருந்த மற்றத் திறமைகளையும் அது எப்படி முடக்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சியை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 28, 2025

பயிற்சி முகாம்கள் தொடங்கவிருக்கின்றன. ஹூஸ்டனில் கெவின் டுரான்ட் வந்துவிட்டார். ஃபிரெட் வான்வ்லீட்டின் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டதால், ஆமென் தாம்சன் பந்தை நடத்திச் செல்ல வேண்டியிருக்கும். சென்ற சீசனின் சிறந்த தடுப்பாட்ட முதல் அணியில் டோர்ட், டேனியல்ஸ் ஆகியோருடன் இவரும் இருந்தார். மூன்று புள்ளி எறிதல் 28 சதவீதத்துக்குக் கீழே, ஃப்ரீ த்ரோ 70-க்குக் கீழே. இவருடைய புள்ளிகளும் அசிஸ்ட்களும் (பிறர் கூடையில் போட உதவிய பாஸ்களும்) வரும் சீசனில் நிச்சயம் கூடும், டிசம்பருக்குள் முன்னேற்ற விருதுக்கு இவர் பெயரும் அடிபடும். நான் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சீசன் பாதி கடக்கும்போது ஃப்ரீ த்ரோ 75 சதவீதத்தை ஒட்டி இருந்தால், இரண்டு ஆண்டுகளில் மூன்று புள்ளியும் வந்துவிடும் என்று நம்பத் தொடங்குவேன்.