குழந்தைகளின் சர்க்கரை நோய்: மருத்துவ மாணவர்களுக்கு நாங்கள் பாடம் நடத்தும் முறை

இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்லில் பாடத்தை ஆரம்பித்தால் மாணவர்கள் அழகாகக் குறிப்பெடுப்பார்கள். அவசரப் பிரிவில் குழந்தையைக் கோட்டை விடுவார்கள். அதனால் முதலில் பலகையில் புகார்களை மட்டும் எழுதுகிறோம்: மூச்சு வாங்குகிறது, வயிற்று வலி, வாந்தி, உடல் மெலிவு. நிமோனியா, குடல்வால் அழற்சி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பிறகு கேட்க வேண்டிய கேள்விகளைத் தருகிறோம். இரவில் தண்ணீர் கேட்டு எழுகிறதா? படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைக்கிறதா? நாக்கு வறண்டு கண் குழிவிழுந்தும் சிறுநீர் தாராளமாகப் போகிறதென்றால், உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும்.

இந்த அறிகுறிகளோடு எந்நேர ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உறுதி. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு நாளை வா என்பது பெரியவர்களைப் பார்த்துப் பழகியவர்களின் வழக்கம். குழந்தை ஓரிரவுக்குள் கீட்டோஅசிடோசிஸுக்கு, அதாவது இன்சுலின் இல்லாததால் கொழுப்பு கரைந்து கீட்டோன் என்ற அமிலங்கள் ரத்தத்தில் சேரும் ஆபத்தான நிலைக்கு, போய்விடலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் மரபணுப் பரிசோதனை கட்டாயம். சிலருக்கு ஊசியை விட்டு மாத்திரைக்கே மாறலாம்.

கீட்டோஅசிடோசிஸுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறோம். 20 கிலோ குழந்தை என்று வைத்து, ஆளுக்கொரு தாளில் கணக்குப் போட வேண்டும். முதலில் நார்மல் சலைன் (உப்புநீர்), கிலோவுக்கு 10 மி.லி. வீதம் 200 மி.லி. கொடுக்க வேண்டும். சலைன் தொடங்கிக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே இன்சுலின். 50 யூனிட் ரெகுலர் இன்சுலினை 50 மி.லி. சலைனில் கலந்தால், கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் என்பது மணிக்கு 2 மி.லி. ஆகும். தொடக்கத்தில் இன்சுலினை மொத்தமாக ஊசி போடுவது கூடாது. இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும் என்பதால், ரத்த அளவையும் சிறுநீர் போவதையும் பார்த்துச் சலைனில் பொட்டாசியம் சேர்க்க வேண்டும்.

இங்கே திரும்பத் திரும்ப வரும் தவறு ஒன்று. சர்க்கரை 250-க்கு இறங்கியதும் இன்சுலினை நிறுத்து என்று எழுதுவார்கள். இன்சுலின் ஓடுவது கீட்டோன் உற்பத்தியை அடக்க. அமிலத்தன்மை சரியாகும்வரை அது ஓட வேண்டும். சர்க்கரை இறங்கினால் சலைனோடு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) சேர்ப்பதுதான் வழி. இதை வாயால் சொன்னால் நிற்காது. மணிவாரியான அளவுகளைக் கொடுத்து அடுத்த உத்தரவை எழுத வைத்தால் நிற்கிறது.

சிகிச்சையின் நடுவில் தலைவலி, மந்தம், நாடித் துடிப்பு குறைதல் வந்தால் மூளை வீக்கம் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல், வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தை நரம்பு வழியே கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம் தர வேண்டும்.

செய்முறை வகுப்பில் இன்சுலின் பேனாவைக் கையில் கொடுத்துவிடுகிறோம். புது ஊசி மாட்டி 2 யூனிட் வெளியே தள்ளி, நுனியில் துளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். துளி வராவிட்டால் உள்ளே காற்று இருக்கலாம், ஊசி அடைத்திருக்கலாம். அழுத்திய பின் பத்து எண்ணாமல் உருவினால் மருந்து தோலில் வழியும். குழந்தைக்கு அளவே 2, 3 யூனிட் என்னும்போது ஒரு துளி போனாலும் பெரிய இழப்பு. கையைக் கழுவாமல், பழம் தொட்ட விரலில் குத்தினால் மீட்டர் பொய்யாக உயர்த்திக் காட்டும்; அதை நம்பி இன்சுலினைக் கூட்டுவது ஆபத்து.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ், அதாவது நம் கணக்குக் குழந்தைக்கு 6 கிராம். 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு உறிஞ்சுதலைத் தாமதப்படுத்தும். மயங்கிய குழந்தைக்கு வாயில் எதுவும் கூடாது. சர்க்கரையை உயர்த்தும் குளூக்ககான் ஊசிதான் போட வேண்டும், 25 கிலோவுக்குக் கீழ் அரை மி.கி.

தேர்வில் ஒரு மாணவர் தாயாக அமர்வார், இன்னொருவர் மருத்துவராக. "காய்ச்சல், ஒண்ணும் சாப்பிடல, இன்னிக்கு ஊசி வேண்டாம்தானே?" என்பது கேள்வி. அளவு மாறலாம், ஆனால் அடிப்படை இன்சுலினை (நாள் முழுதும் வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலின்) ஒருபோதும் நிறுத்தக் கூடாது, கீட்டோன் பாருங்கள், வாந்தி நிற்காவிட்டால் உடனே தூக்கி வாருங்கள். இந்த மூன்றும் எளிய தமிழில் வந்தால்தான் தேர்ச்சி.