லைட்டர்

"கையைத் தூக்குங்கப்பா!"

அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை என் நெற்றிக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான் மகன். அழுத்தினான். டக்.

சிரித்தேன். அப்புறம் சூலா விஸ்டா நினைவுக்கு வந்தது.

கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லைப் பக்கம் இருக்கும் ஊர். 2018 அக்டோபரில் அங்கே ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். அவசர அழைப்பு வந்ததும் காவல் நிலைய மொட்டைமாடியிலிருந்து ட்ரோன் கிளம்பிவிடும். வண்டிகள் போய்ச் சேர்வதற்குள் மேலிருந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஒருநாள் டாகோ என்ற மெக்சிகோ உணவு விற்கும் கடை வாசலில் ஒருவர் துப்பாக்கியை ஆட்டிக்கொண்டிருப்பதாக அழைப்பு. ட்ரோன் போய்ப் பார்த்தது.

அவர் அந்தத் 'துப்பாக்கி'யால் சிகரெட் பற்றவைத்தார்.

அது லைட்டர்!

வந்துகொண்டிருந்த காவலர்களுக்கு உடனே தகவல் போனது. அந்த ஒற்றைச் சிகரெட்டையே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பற்றவைத்த அந்த நொடியில் மேலே ஒரு கண் இல்லாமல் இருந்திருந்தால்?

ட்ரோன் எல்லோர் வீட்டு முற்றத்துக்கும் மேலேதான் பறக்கிறது. அந்தப் பதிவுகளைப் பொதுமக்களுக்குத் தர வேண்டுமா என்று அங்கே வழக்கே நடந்தது. அந்தக் கவலை நியாயமானது, சிறிதாக நினைக்க முடியாது. ஆனாலும் துப்பாக்கியோடு வருபவருக்கு முன்னால், துப்பாக்கி இல்லாத ஒன்று போய்ச் சேரட்டும் என்றே மனம் கேட்கிறது.

ஏனென்றால் சூலா விஸ்டா இருக்கும் அதே சான் டியாகோ வட்டாரத்தில், எல் கஹோன் என்ற ஊரில், 2016 செப்டம்பரில் ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றார். இறந்தவர் கையில் இருந்தது மின்சிகரெட் கருவி.

காவலரை அழைத்தது அவருடைய சகோதரி. உதவி கேட்டுத்தான் அழைத்தார்.