ஏடிபி சிந்தேஸை லேப்டாப்பில் சுழல வைக்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு மூலக்கூறு சிமுலேஷன் (மூலக்கூறின் அணுக்கள் அசைவதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது) எடுக்கலாமா என்று நம்ம கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் தலைப்பு எழுதிக் கொடுக்கும் முன் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். அதைப் போடாததால் எனக்கு நான்கு மாதம் போனது.

நான் எடுத்தது ஏடிபி சிந்தேஸின் எஃப்1 பகுதி. செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செய்கிற, சுழலும் புரத இயந்திரம்தான் ஏடிபி சிந்தேஸ்; எஃப்1 அதில் ஏடிபி உருவாகிற, உடைகிற பகுதி. நடுவில் காமா தண்டு, சுற்றிலும் மூன்று ஆல்பா, மூன்று பீட்டா என்று ஆறு புரதத் துண்டுகள். 120 டிகிரிக்கு ஒரு ஏடிபி, முழுச் சுற்றுக்கு மூன்று. 1994ல் ஜான் வாக்கர் குழு வெளியிட்ட மாட்டு இதய எஃப்1 அமைப்பை இறக்கி, தண்டு சுழல்வதைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுழற்சி நடப்பதோ மில்லி செகண்ட் கணக்கில். சிமுலேஷனில் ஓர் அடி (அணுக்களை ஒரு முறை நகர்த்திக் கணக்கிடுவது) 2 ஃபெம்டோ செகண்ட், ஒரு நானோ செகண்டுக்கே 5 லட்சம் அடி. என் லேப்டாப்பில் நாளொன்றுக்கு ஒரு நானோ செகண்ட் ஓடியது. ஒரு மில்லி செகண்டுக்கு 10 லட்சம் நாள், அதாவது 2,700 ஆண்டுகளுக்கு மேல்!

வைவாவில் கண்டிப்பாக வரும் கேள்வி, "ஏடிபி உடைவதைப் பார்த்தாயா?" சாதாரண விசைப்புலத்தில் (அணுக்களுக்கு இடையிலான விசைகளைச் சொல்லும் சூத்திரங்கள்) பிணைப்பு என்பது ஸ்பிரிங் மாதிரி, நீளும் சுருங்கும், உடையாது. உடைவதைப் பார்க்க அந்த இடத்தை மட்டும் குவாண்டம் முறையில் கணக்கிட வேண்டும். வார்ஷல், லெவிட் என்ற விஞ்ஞானிகள் 1976ல் காட்டிய வழி அது, 2013 வேதியியல் நோபல் பரிசில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் கேள்வியையே சுருக்கினேன்: ஒரு பீட்டாவை மட்டும் எடுத்து, ஏடிபி இருந்தால் மூடியே இருக்கிறதா, எடுத்தால் திறக்கப் பார்க்கிறதா. இது நம் கைக்கு அடங்கும். வெவ்வேறு தொடக்க வேகங்களில் மூன்று முறை ஓட்டுங்கள், ஒரே ஓட்டத்தை நம்பி முடிவு எழுதாதீர்கள்.

இன்னொன்று. ஃபைலைச் சுத்தம் செய்கிறேன் என்று ஹெட்ஏடிஎம் வரிகளை (புரதம் அல்லாத ஏடிபி, தண்ணீர், அயனி போன்றவற்றின் அணுக்கள் இருக்கும் வரிகள்) மொத்தமாக அழித்துவிட்டு, ஏடிபியை மட்டும் திரும்பச் சேர்த்தேன். தண்ணீரோடு மெக்னீசியமும் போயிருந்தது. வீடியோவில் பார்த்தால் ஏடிபியின் பாஸ்பேட் வால், பீட்டாவில் அது உட்காரும் பள்ளத்தில் நிற்காமல் அலைகிறது! ஒரே ஒரு அயனி, அதன் நேர்மின்சுமைதான் அந்த வாலைப் பிடித்து வைத்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

ஆடி மாதக் காற்றில் நம்மூரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கவலை வேண்டாம், சிமுலேஷன் ஓட்டும் மென்பொருளான குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒரு முறை செக்பாயிண்ட் எழுதி வைக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என் இன்புட் ஃபைல்கள் வேண்டுமென்றால் கேளுங்கள், மெக்னீசியத்தோடு தருகிறேன்.